மருந்தடிக்கும் கைக்கும் ஓர் அனுமதிப்பத்திரம் வேண்டும்

பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவனுக்குச் சில செய்திகளைத் தனித்தனியே வாசிக்க முடிவதில்லை. ஒன்று மற்றொன்றை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலித்தொல்லைக்காக ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் வந்து மருந்து வைத்துச் சென்ற வீட்டில் இரு குழந்தைகள் மாண்டனர். பெற்றோர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். 2025 பெப்ரவரி தொடக்கத்தில், நமது கொழும்பில் உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியொன்றில் பிரித்தானியாவையும் ஜெர்மனியையும் சேர்ந்த இரு இளம்பெண்கள் உயிரிழந்தனர். மூட்டைப்பூச்சியை ஒழிப்பதற்காக அங்கே ஓர் அறைக்குப் புகையூட்டப்பட்டிருந்ததால் சந்தேகம் அதன்மேல் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் துருக்கியின் இஸ்தான்புல் நகரில், ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பத்தினர் நால்வரும் இறந்தனர். முதலில் உணவு நஞ்சானது என்றார்கள். பின்னர் விசாரணை, அவர்கள் தங்கிய விடுதியில் மூட்டைப்பூச்சிக்கு அடித்த மருந்தின் பக்கம் திரும்பியது.

இறந்தவர்களில் எவரும் அந்த மருந்தைத் தொட்டவர் அல்லர். வேறொருவர் கூலிக்கு வந்து செய்துவிட்டுப் போன வேலை அவர்களின் உயிரோடு விளையாடியது. அந்த வேறொருவர் யார், அவருக்கு என்ன தெரியும், அவரை அனுப்பியவர் எதைப் பார்த்து அனுப்பினார் என்பவையே நான் இங்கு எழுப்ப விரும்பும் கேள்விகள்.

இத்தொழிலில் கையாளப்படும் நஞ்சுகளுள் அலுமினியம் பொஸ்பைட் என்பது ஒன்று. தானியக் களஞ்சியங்களுக்காக உருவான வில்லை அது. காற்றின் ஈரம் பட்டதும் பொஸ்பீன் என்ற வாயுவை வெளிவிடும். அவ்வாயுவுக்கு நிறமில்லை. காற்றைவிடப் பாரமானது. சுவர்வெடிப்பு, கதவிடுக்கு, குழாய்த்துளை வழியாக அடுத்த அறைக்கும் போகும். அதற்கு மாற்றுமருந்து கிடையாது. ஆளில்லாத களஞ்சியத்தைக் காற்றுப்புகாமல் மூடிவைத்துச் செய்யவேண்டிய வேலையை, மனிதர் உறங்கும் அறைக்குப் பக்கத்தில் ஒருவர் செய்கிறார் என்றால், அவர் கொலைகாரர் என்று பொருளல்ல. அவருக்கு எவரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதே பெரும்பாலும் பொருள்.

இலங்கையில் இதற்குச் சட்டமே இல்லை என்று எண்ணவேண்டாம். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தும் பீடைநாசினிகள் பதிவாளரின் அலுவலகம் கொழும்பில் இல்லை. எங்கள் கண்டிக்குப் பக்கத்தில் பேராதனை, கெட்டம்பேயில் இருக்கிறது. அச்சட்டத்தின் பலனை உலகமே எடுத்துப் பேசுகிறது. 1984இல் பரதியோன், 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ், 1998இல் எண்டோசல்பான், 2008 முதல் 2011 வரை படிப்படியாகப் பரகுவாட் என்று கொடிய நஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சந்தையிலிருந்து அகற்றப்பட்டன. 1995இல் இலட்சம் பேருக்குச் சுமார் 57ஆக இருந்த தற்கொலை வீதம் 2015இல் சுமார் 17ஆகக் குறைந்தது. அந்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். ஓர் அரசாங்க அலுவலகம் அமைதியாகச் செய்த வேலை அது.

ஆனால் இந்தக் கண்டிப்பு முழுவதும் போத்தலின்மீதும் கடையின்மீதும்தான் பாய்ந்தது. எந்த நஞ்சு நாட்டுக்குள் வரலாம் என்பதைப் பதிவாளர் தீர்மானிக்கிறார். விற்பவர் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்கவேண்டும். போத்தல் கடையைவிட்டு வெளியே வந்தபின் அதைத் திறந்து, கலந்து, முதுகில் சுமந்து அடிப்பவரிடம் "உனக்கு இது தெரியுமா?" என்று கேட்பார் அரிது. விற்பவனுக்குச் சான்றிதழ், அடிப்பவனுக்குக் கையுறைகூட இல்லை என்பதே நான் பல இடங்களில் கண்ட நடைமுறை.

சில ஆண்டுகளுக்கு முன் மஹய்யாவையில் எங்கள் வீட்டுக் கூரைமரத்தில் கறையான் ஏறியபோது, ஒரு கம்பனியிலிருந்து இளைஞர் ஒருவர் வந்தார். பேசிப் பார்த்ததில் தெல்தெனிய பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர் என்று தெரிந்தது. இது என்ன மருந்து தம்பி என்று கேட்டேன். "நல்ல மருந்துங்க ஐயா, வாசமே வராது" என்றார். போத்தலில் பெயர்ச்சீட்டு இல்லை. கம்பனியில் பெரிய கொள்கலனிலிருந்து ஊற்றிக் கொடுத்தார்களாம். எத்தனை மணி நேரம் கழித்து அறைக்குள் போகலாம் என்று கேட்டதற்கு, "கொஞ்ச நேரம்" என்பதே பதில். வாசமில்லாமை அபாயமில்லாமை ஆகாது என்பது அவருக்குத் தெரியாது. மரியாதையும் உழைப்பும் நிறைந்த அந்தப் பிள்ளையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் இருந்தது கம்பனியின் பெயர் பொறித்த சட்டை மட்டுமே.

நஞ்சு முதலில் தீண்டுவது அத்தகைய பிள்ளைகளைத்தான். 2017இல் மகாராஷ்டிர மாநிலத்து யவத்மாலில் பருத்திச் செடிக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் மாண்டனர். கூலிக்கு அடித்தவர்களும் அவர்களில் அடக்கம். நமது மலையகத்தில் புல்லுக்கு மருந்தடிப்பவர், நுவரெலியா மரக்கறித் தோட்டங்களில் கொந்தராத்துக்குத் தெளிப்பவர், டெங்குக் காலத்தில் நகரங்களில் புகை விசிறுபவர் என்று எண்ணிப் பாருங்கள். இவர்களில் கணிசமானோர் தமிழ் பேசும் ஏழைத் தொழிலாளர். தலைமுறை தலைமுறையாக மாநகரசபைத் தொழிலாளர் குடியிருக்கும் மஹய்யாவையில் வாழ்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஆபத்தான, அழுக்கான வேலை எவர் தலையில் வந்து விழுகிறது என்பதை இங்கே எவரும் புத்தகம் பார்த்து அறியவேண்டியதில்லை.

பிற நாடுகள் என்ன செய்தன? அமெரிக்கா 1972இலேயே கொடிய நஞ்சுகளைத் தனி வகையாகப் பிரித்து, சான்றிதழ் பெற்றவரோ அவரது மேற்பார்வையில் உள்ளவரோ மட்டுமே அவற்றைப் பயன்படுத்தலாம் என்று விதித்தது. கலிபோர்னியா மாநிலம் 1974 முதல், சிலவகை நஞ்சுகளை அடிக்கடி கையாள்வோரின் இரத்தத்தைப் பரிசோதிக்கச் செய்கிறது. நரம்புகளை இயக்கும் நொதி குறைந்தால் அவரை அவ்வேலையிலிருந்து விலக்கிவைப்பார்கள். இந்தியாவில் 1968ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டத்தின் கீழான விதிகள், பீடை ஒழிப்பு உரிமம் பெறப் பட்டப்படிப்பும் 15 நாள் பயிற்சியும் கேட்கின்றன. காகிதத்தில் அது நல்ல விதி. ஆயினும் குன்றத்தூரில் நடந்தபின் வேளாண்மைத் துறை அந்நிறுவனத்தின் உரிமத்தின்மீதுதான் நடவடிக்கை எடுத்தது. அதாவது உரிமம் இருந்தது. பட்டதாரியின் பெயரில் அலுவலகச் சுவரில் தொங்கும் உரிமம், வீட்டுக்குள் நுழையும் கையைத் திருத்துவதில்லை.

ஆகவே நான் வேண்டுவது நிறுவனத்துக்கான உரிமத்தோடு நின்றுவிடாத ஒன்று. கூலிக்கு மருந்தடிக்கும் ஒவ்வொருவருக்கும் படத்துடன் கூடிய தனிச் சான்றிதழ் வேண்டும். அதற்கான பயிற்சி தமிழிலும் சிங்களத்திலும் நடக்கவேண்டும். பரீட்சை எழுத்தில் அல்ல, செய்முறையிலும் வாய்மொழியிலும் இருக்கவேண்டும். பட்டப்படிப்பு கேட்பது வீண். கலக்கும் அளவும், காற்றின் திசையும், கதவு திறக்கும் நேரமும் அறிந்திருப்பதே தகுதி. செலவையும் பயிற்சி நாட்களின் சம்பளத்தையும் முதலாளியே ஏற்கவேண்டும். ஆண்டுக்கொருமுறை இரத்தப் பரிசோதனையும் அவர் பொறுப்பே. வேலை முடிந்ததும் மருந்தின் பெயர், அளவு, திரும்ப நுழையவேண்டிய நேரம் ஆகியன எழுதிய துண்டொன்றை வீட்டுக்காரரிடம் கொடுத்துக் கையொப்பம் பெறவேண்டும்.

இது ஏழைகளின் பிழைப்பில் கைவைப்பதாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டினால் நிச்சயம் ஆகும். அதனால்தான் முதலாளியின் கடமை என்கிறேன். சான்றிதழ் கையில் இருப்பவனுக்குக் கூலி கூட்டிக் கேட்கவும், முகமூடி இல்லாமல் அடிக்கமாட்டேன் என்று மறுக்கவும் ஒரு பிடி கிடைக்கிறது. சாரதி அனுமதிப்பத்திரம் ஓட்டுநரின் பிழைப்பைக் கெடுக்கவில்லை, அதைத் தொழிலாக்கியது.

இரசாயனத்தையே முற்றாக நிறுத்திவிட்டால் போயிற்று என்பது இன்னொரு வாதம். 2021இல் அந்தப் பரீட்சையை இந்நாடு செய்து பார்த்தது. மே மாதம் இறக்குமதியைத் தடைசெய்தார்கள், நவம்பரில் பின்வாங்கினார்கள். இடையில் விவசாயி பட்ட பாட்டை நாம் அறிவோம். ஒரே இரவில் எல்லாவற்றையும் தடுப்பதற்கும் எதையும் யாரும் அடிக்கலாம் என்று விடுவதற்கும் நடுவே, கற்பித்து அனுமதிக்கும் வழி ஒன்று உண்டு. அது மெதுவானது, மேடையில் கைதட்டல் வாங்காதது. பரகுவாட்டை அகற்றியதும் அப்படி மெதுவாக நடந்த காரியந்தான்.

சட்டம் வரும்வரை வாசகர்கள் செய்யக்கூடியதும் உண்டு. யாழ்ப்பாணமோ சென்னையோ டொரொண்டோவோ, உங்கள் வீட்டுக்கு மருந்தடிக்க ஒருவர் வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: மருந்தின் பெயர் என்ன, பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறதா, எத்தனை மணி நேரம் வெளியே இருக்கவேண்டும். பதில் தெரியாவிட்டால் அவரைக் கடிந்து அனுப்பாதீர்கள். அவரை அனுப்பிய கம்பனிக்குத் தொலைபேசி எடுத்து அதே கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்லவேண்டியவர்கள் அவர்கள்தான்.