கட்டிலருகே இருப்பவரின் இதயம்

மாரடைப்பால் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்படும்போது அவருடன் துணையிருக்க ஓர் உறவினர் வருகிறார். பெரும்பாலும் அவர் நோயாளியின் மகன், மகள் அல்லது தம்பி. நாற்பது வயதை ஒட்டியவர். தூத்துக்குடியில் கப்பல் முகவர் அலுவலகத்திலோ, வங்கியிலோ, அனல்மின் நிலையத்திலோ பணிபுரிபவர். நோயாளியின் இரத்த அழுத்தம் ஒரு நாளில் பலமுறை அளக்கப்படுகிறது. அருகில் நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் அழுத்தத்தை எவரும் அளப்பதில்லை, அவரும் கேட்பதில்லை. நோயாளி வீடு திரும்புவதற்கு முன் அவருக்குத் துணையிருந்தவரும் தம்மைப் பரிசோதித்துக்கொள்வது வழக்கமாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இதற்குக் காரணம் உண்டு. தந்தைக்கோ உடன்பிறந்த சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்பும் இதயநோய் வந்திருந்தால், அக்குடும்பத்தின் மற்றவர்களுக்கும் அபாயம் கூடுகிறது. இதைக் கேட்டவுடன் பலர், "எங்கள் பரம்பரையே அப்படி" என்று மனத்தைத் தேற்றிக்கொள்கின்றனர். குடும்பத்தினர் பகிர்ந்துகொள்வது மரபணுவை மட்டுமா? ஒரே அடுப்பையும், ஒரே ஊறுகாய்ச் சாடியையும், ஒரே உறக்கக் குறைவையும் அல்லவா சேர்த்துப் பகிர்கிறோம்? கேரளத்தில் பிறந்த மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடைபெற்று 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான அபாயத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை, அளந்தறியக்கூடிய ஒன்பது காரணிகளே விளக்குகின்றன என்று காட்டியது. புகையிலை, இரத்தக் கொழுப்பு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், உடலுழைப்பின்மை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு பிறரைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதும் அதே ஆய்வின் தரவுகளிலிருந்து தெரியவந்தது.

நம் கடற்கரையில் வாழ்க்கை மாறியதை எண்ணிப் பார்க்கலாம். தூத்துக்குடியின் கடைசி முத்துச்சலாபம் 1961-இல் நடந்தது. புதிய துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமாயிற்று. தோளும் காலும் மூச்சும் செய்த வேலையில் பெரும்பகுதியை இன்று கணினித் திரையின் முன் விரல்கள் செய்கின்றன. பாஞ்சாலங்குறிச்சியிலிருந்தும் ஓட்டப்பிடாரத்திலிருந்தும் நகரத்து அலுவலகங்களுக்கு வருவோர், வயலுக்கு நடந்த முன்னோரைப் போலன்றி, இருக்கையிலிருந்து இருக்கைக்கே மாறுகின்றனர். கப்பலுக்கு இரவு பகல் இல்லை; அதன் ஆவணங்களைப் பார்ப்பவருக்கும் இல்லை. நள்ளிரவுப் பரோட்டாவும், களைப்பை ஓட்ட ஒரு சிகரெட்டும் அந்த வேலையின் பகுதியாகிவிட்டன. உப்பளங்கள் சூழ்ந்த ஊரில் உப்பின் அளவை யார் கணக்கிடுகிறார்கள்? உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்குப் பரிந்துரைப்பது 5 கிராமுக்கும் குறைவு. அதாவது ஒரு சிறு தேக்கரண்டி. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் சேரும் ஒரு வேளை உணவே அந்த அளவை நெருங்கிவிடக்கூடும்.

"எனக்கு ஒரு வலியும் இல்லையே" என்பார்கள். உயர் இரத்த அழுத்தமும் கொழுப்பும் ஆண்டுக்கணக்கில் வலியின்றியே இரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. பெண்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. அலுவலகம் முடிந்து வந்து, அனைவருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ணும் மனைவிக்கு மூச்சிரைத்தால், வீட்டார் அதைக் களைப்பு என்கிறார்கள். அவரும் அப்படியே நம்புகிறார்.

செய்ய வேண்டியவை எளியவை. இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். இடுப்புச் சுற்றளவையும் அளந்துகொள்ளுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது நம்மவருக்கான எல்லை. உறக்கமின்றித் துணையிருக்கும் நாட்களில் அழுத்தம் கூடுதலாகக் காட்டலாம். அதற்காக அந்த எண்ணை ஒதுக்கிவிடாமல், ஓரிரு வாரத்தில் மீண்டும் அளந்து மருத்துவரிடம் காட்டுங்கள். புகைப்பவர் இன்றே நிறுத்தினால், ஓராண்டில் அவருடைய கூடுதல் இதய அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். வாரத்துக்கு 150 நிமிட விரைவு நடை போதும். ஆயினும் இவற்றைத் தனிமனித உறுதியிடமே விட்டுவிடுவது நியாயமன்று. உணவு இடைவேளையை மதிப்பதும், தொடர் இரவுப்பணியைக் குறைப்பதும், ஆண்டுக்கொருமுறை பரிசோதனைக்கு விடுப்பளிப்பதும் நிறுவனங்களின் கடமை.

மார்பில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமற்ற வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றை 'வாயுத்தொல்லை' என்று எண்ணிச் சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். கிராமங்களில் இருப்போருக்காக, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல்கட்ட மாத்திரைகளை வழங்கும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023 முதல் நடைமுறையில் உள்ளது.

நோயாளியைக் கவனித்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள். அதற்கு முதலில் நீங்கள் நலமாக இருக்க வேண்டும். அடுத்த முறை செவிலியர் அழுத்தமானியுடன் கட்டிலருகே வரும்போது, நோயாளிக்கு அளந்து முடித்ததும், "எனக்கும் எங்கே அளந்துகொள்ளலாம்?" என்று தயங்காமல் கேளுங்கள்.