இருவருக்கு ஒரு பைனாகுலரா?

கொலராடோ மலைகளில் எல்க் மான் வேட்டைக்கு இருவராகச் செல்வோர்க்கு ஒரு பைனாகுலர் போதுமாம். மிச்சப் பணத்தில் ஆளுக்கொரு விலையுயர்ந்த ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பொருத்தலாமாம். இதைவிட விபரீதமான சிக்கனத்தை நான் கேட்டதில்லை. துப்பாக்கி தூக்கியறியாத பேனாக்காரனுக்கு இதில் என்ன வேலை என்பீர்கள். அக்காட்டில் வெறுங்கையுடன் நடப்பவனும் இருக்கிறானே, அவன் சார்பில் எழுதுகிறேன்.

பைனாகுலர் கூட்டாளியின் கையில் இருக்கிறது. எதிர்ச்சரிவில் ஏதோ அசைகிறது. மற்றவர் என்ன செய்வார்? துப்பாக்கியை உயர்த்தி ஸ்கோப் வழியே பார்ப்பார். அசைந்தது மனிதனானால், அது மனிதன் என்று தெரியும் கணத்திலேயே குழல் அவன் நெஞ்சுக்கு நேரே நிற்கும். துப்பாக்கி வேட்டையாளர் ஒளிரும் செம்மஞ்சள் (2016 முதல் இளஞ்சிவப்பும் ஆகும்) உடுத்தவேண்டும் என அம்மாநிலச் சட்டம் பணிப்பது அழகுக்காகவா?

ஆகவே ஆளுக்கொன்று வேண்டும். இரண்டும் ஒரே அளவாயிருக்க வேண்டியதில்லை. எல்க் பெரும்பாலும் வெளிப்படுவது விடியலிலும் அந்தியிலும். 10x42 இல் 42 ஐப் 10 ஆல் வகுத்தால், கண்ணை எட்டும் ஒளிக்கற்றையின் விட்டம் 4.2 மில்லிமீற்றர்; 8x42 இல் 5.25. மங்கலில் இவ்வேறுபாடு தெரியும். கைநடுக்கமும் 8 மடங்கில் குறைவாகவே தோன்றும். தூரச்சரிவை ஆராய்பவர் 10 ஐ வைத்துக்கொள்ளட்டும்.

சிக்கனம் வேண்டுமா? முக்காலித் தொலைநோக்கியையும் லேசர் தூரமானியையும் இருவரும் பகிரலாம். ஸ்கோப்புக்கு 3 முதல் 9 மடங்கு தாராளம். விற்பனையாளருக்கு இக்கணக்கு உவப்பாயிராது.