மல்டிமீட்டர் வாங்குவோர்க்கு ஒரு வார்த்தை

மின்னணுக் கருவிகளைத் தம் கையாலேயே அமைத்துப் பார்க்க வேண்டும் என்னும் ஆவல் ஒரு மாணவனிடத்துத் தோன்றுமாயின், அதனைப் போற்றி வளர்த்தல் ஆசிரியர், பெற்றோர் ஆகிய இருசாரார்க்கும் கடனாகும். நூலில் கற்ற ஓமின் விதி, கையில் எடுத்த கம்பியிலும் மின்தடையிலும் மெய்யாதலைக் காண்பவனுக்கே அவ்விதி சொந்தமாகின்றது. இத்தகைய பயிற்சியில் இறங்குவோன் முதற்கண் வாங்க வேண்டுவது மல்டிமீட்டர் என்னும் அளவைக் கருவியே. மின்சாரம் கண்ணுக்குப் புலப்படாத பொருளாதலின், அக்கருவி இல்லாதவன் இருட்டறையில் ஊசி தேடுவோனை ஒப்பான்.

எத்தகைய கருவியை வாங்குவது என்னும் வினாவிற்கு இருவகை விடைகள் வழங்கி வருகின்றன. "கிடைப்பதில் மலிவானதே போதும்" என்பார் ஒரு சாரார். "உயர்ந்ததை ஒரே முறை வாங்குக, அல்லது வாங்காதிருக்க" என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டையும் நாம் ஒப்புதற்கில்லை. அதற்குரிய காரணங்களை இங்கே சுருங்கக் கூறுவோம்.

முன்னாளில் ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகிய மூன்றையும் அளக்கத் தனித்தனிக் கருவிகள் வேண்டியிருந்தன. பிரிட்டிஷ் தபால் இலாகாவில் பொறியாளராயிருந்த டொனால்ட் மெக்கடி என்பவர் அம்மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கினார். அது 1923-ஆம் ஆண்டு ஏவோ மீட்டர் என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. ஊசி அசைந்து காட்டிய அவ்வேலையை இன்று இலக்கங்களே காட்டுகின்றன. சென்னை ரிச்சி தெருக் கடைகளில் தொங்கும் டி.டி. 830 வகை மஞ்சள் நிறக் கருவியைச் சில நூறு ரூபாய்க்குள் ஓர் ஏழை மாணவனும் வாங்கிவிடலாம். இதனை நாம் எளிதாக எண்ணலாகாது. கல்வி பலர்க்கும் எட்டும்படி செய்த பொருள்களுள் இதுவும் ஒன்றாம்.

அம்மலிவுக் கருவி 1999 வரையே எண் காட்டும். நேர்மின்சாரத்தை அளப்பதில் அதன் பிழை நூற்றுக்கு அரைப் பங்கு அளவினது என்று அதன் குறிப்பேடு கூறும். 5 வோல்ட்டை அளக்கையில் சில நூறில் ஒரு பங்கு வோல்ட் ஏறக்குறையக் காட்டினால், ஒரு விளக்கையோ சிறு மோட்டாரையோ அர்டுயினோப் பலகையையோ இயக்கிப் பார்க்கும் மாணவனுக்கு அதனால் நேரும் குறை யாதுமில்லை. ஆதலின், உயர்ந்த கருவியே வேண்டும் என்று கூறி, 10,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ளதைச் சுட்டிக்காட்டி, வசதியற்ற மாணவனை வாயிலிலேயே திருப்பி அனுப்புதல் அறிவுடைமையாகாது.

எனினும், மலிவே போதும் என்பார் கூற்றிலும் இரு குறைகள் உள. முதலாவது, கருவி தான் அளக்கும் பொருளையே மாற்றிவிடுதல். 9 வோல்ட் பாட்டரியின் குறுக்கே 10 இலட்சம் ஓம் மின்தடைகள் இரண்டைத் தொடராக இணைத்தால் நடுவில் இருப்பது 4.5 வோல்ட். உள்தடை 10 இலட்சம் ஓம் மட்டுமே உள்ள மலிவுக் கருவி அவ்விடத்தில் 3 வோல்ட் என்று காட்டும். உள்தடை 1 கோடி ஓம் உள்ள கருவியோ ஏறக்குறைய 4.29 வோல்ட் காட்டும். முன்னதை நம்பிய மாணவன் தன் சுற்றில் இல்லாத பழுதை இரவெல்லாம் தேடி இளைப்பான்.

இரண்டாவது குறை பொருளைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. இவ்வகைக் கருவிகள் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்குப் பியூஸ் கிடையாது. 'பியூஸ் இல்லை' என்று முகப்பிலேயே அச்சிட்டிருப்பதும் உண்டு. மின்னோட்டத்தை அளந்தபின் கம்பியை அத்துளையிலேயே விட்டுவிட்டு, வீட்டுச் சுவரிலுள்ள 230 வோல்ட்டை அளக்க முற்பட்டால் நிகழ்வது அளத்தல் அன்று, குறுக்குச்சுற்று. கருவி கையிலேயே வெடிக்கவும் கூடும். மேலும், 230 வோல்ட் என்று நாம் கூறும் மாறுமின்சாரம் ஒவ்வொரு சுழற்சியிலும் 325 வோல்ட் வரை எழுந்து தாழ்வது. இடி மின்னலாலும் பெரிய மோட்டார்கள் நிற்பதாலும் கணநேரத்தில் அதற்குப் பன்மடங்கு எழுச்சிகளும் கம்பியில் வருவதுண்டு. இவற்றைத் தாங்கும் ஆற்றலையே 'கேட் 2', 'கேட் 3' என்னும் குறிகள் உணர்த்துகின்றன. சுவர்ச் சாக்கெட்டில் செருகும் சாதனங்களுக்கு முன்னது. கட்டடத்தின் மின்பலகைக்குப் பின்னது. ஆனால் குறியை அச்சிடுதல் எளிது. அதற்கேற்பக் கட்டுதலே அரிது. உள்ளே சிறு கண்ணாடிப் பியூஸும் மெல்லிய கம்பியும் வைத்து, வெளியே பெருங்குறி பொறித்த கருவியை நம்பிச் சுவரில் கை வைத்தல் கூடாது.

ஆகவே எம் கருத்து இது. பாட்டரியிலும் யூ.எஸ்.பி. மின்சாரத்திலும் மட்டுமே பயில்வோன் மலிவுக் கருவியை அச்சமின்றி வாங்குக. அதனைச் சுவரருகே ஒருபோதும் கொண்டு செல்லற்க. ஆயிரம் ரூபாயை ஒட்டிச் செலவிட வல்லவன் நான்கு தன்மைகளை நாடுக. உள்தடை 1 கோடி ஓம் இருத்தல். மின்னோட்டத் துளைகள் எல்லாவற்றிற்கும் பியூஸ் இருத்தல், அதுவும் பீங்கான் பியூஸாயின் நன்று. தொடர்ச்சிச் சோதனையில் தாமதமின்றி ஒலித்தல். அளக்கும் கம்பிகள் தடித்தும் முனை நன்கு மூடப்பெற்றும் இருத்தல் என்பன அவை. 6000 வரை எண் காட்டுவதாயின் 3.3 வோல்ட்டை 3.300 என்று நுட்பமாய்க் காணலாம், அது மிகுபயனே. வெப்பமானி, கைவிளக்கு, வண்ணத்திரை முதலியவற்றிற்குப் பொருள் செலவிடுதல் உண்ணும் சோற்றை விட்டுத் தட்டின் பூவேலையை விலைக்கு வாங்குதல் போலாகும்.

மற்றொன்றும் கூறுவோம். நடுத்தரக் கருவி ஒன்றுடன் மலிவுக் கருவி ஒன்றும் சேர வைத்துக்கொள்ளுதல், ஒரே உயர்ந்த கருவியினும் பயன் மிகத் தரும். ஒன்று மின்னழுத்தத்தையும் மற்றொன்று மின்னோட்டத்தையும் ஒரே வேளையில் காட்டும். மின்னோட்டம் அளக்கும் கருவி தன் எல்லையளவில் 0.2 வோல்ட் வரை தானே விழுங்குவதுண்டாதலால், சுற்றுக்கு எஞ்சுவது எவ்வளவு என்பதை மற்றக் கருவி உடனே காட்டிக்கொடுக்கும்.

வாங்கிய பின் சோதித்தலும் வேண்டும். நூற்றுக்கு ஒன்று பிழையுள்ள 10,000 ஓம் மின்தடை ஒன்றை அளந்தால் 9,900-க்கும் 10,100-க்கும் இடைப்பட்ட எண்ணே வருதல் முறை. உள்ளிருக்கும் பாட்டரி தளர்ந்தால் கருவி பொய்யுரைக்கும். பெரும்பாலும் உள்ளதினும் மிகுத்துக் காட்டும். மின்சாரம் இல்லை என்று கருவி கூறினாலும், உண்டு என்று முன்னமே அறிந்த ஓரிடத்தில் அதனை முன்னும் பின்னும் சோதித்தன்றி நம்பலாகாது.

இறுதியாக, கல்லூரி ஆய்வுக்கூடங்களை நடத்துவோர்க்கு ஒரு விண்ணப்பம். நம்பத்தக்க உயர்ந்த கருவி ஒன்றை மாணவர் பொதுவில் பயன்படுத்துமாறு வையுங்கள். தத்தம் மலிவுக் கருவிகளை அதனோடு ஒப்பிட்டுப் பிழையறிய ஆண்டிற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். சுவர் மின்சாரத்தை அளக்க வேண்டின் அக்கருவியைக் கொண்டு ஆசிரியர் முன்னிலையிலேயே அளக்கச் செய்யுங்கள். அங்ஙனமாயின், ஒவ்வொரு மாணவனும் பெருவிலை கொடுக்க வேண்டுவதில்லை. மலிவு கருதி உயிரைப் பணயம் வைக்க வேண்டுவதும் இல்லை. மாணவ நண்பர்காள்! கருவியின் விலையன்று, அதன் எல்லையை அறிந்து கையாளும் அறிவே உம்மைக் காப்பது.