பிராமரியும் சயனைடு மேடும்

நாள்பட்ட சைனஸ் அழற்சிக்குப் பிராணாயாமத்தைத் துணை மருத்துவமாகப் பரிந்துரைப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லாமல் இல்லை. வாயை மூடி முரலும்போது மூக்கின்வழி வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு, அமைதியாக மூச்சுவிடும்போது வருவதைவிட ஏறத்தாழ 15 மடங்கு மிகுதி என்பதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் வைட்ஸ்பெர்க்கும் லுண்ட்பெர்க்கும் கண்டறிந்தனர். முரலும் அதிர்வு, சைனஸ் அறைகளுக்கும் மூக்குக்கும் இடையிலான காற்றோட்டத்தைப் பெருக்குகிறது. வண்டின் ரீங்காரத்தை ஒத்த பிராமரியும் இத்தகைய முரலலே. ஆயினும் அவ்வாய்வு நலமுற்றோரிடம் நிகழ்ந்தது. வாயுவை அளந்ததேயன்றி நோய் தீர்வதை அளக்கவில்லை. எனவே, 12 வாரங்களைக் கடந்த அழற்சிக்கு உப்புநீர்க் கழுவலோடும் மூக்குத் தெளிப்பு மருந்தோடும் சேர்ந்து நிற்பதே பிராமரியின் இடம். அவற்றுக்கு அது மாற்று அன்று.

கோலார் தங்கவயலின் கோரமண்டலில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சயனைடு மேடுகளோ அப்படியே நிற்கின்றன. காற்று வீசும் நாள்களில் அவற்றின் நுண்துகள்கள் வீடுகளுக்குள் படிகின்றன. அத்தூசியின் நடுவே ஆழ மூச்சிழுக்கச் சொல்வது எவ்வகை மருத்துவம்?

2024 ஜூனில், 13 மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் பிரிக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. மேடுகளைக் கிளறுமுன், தூசியடக்கும் ஏற்பாடும் காற்றின் தர அளவீடும் மக்கள்முன் வைக்கப்பட வேண்டும். பிராணாயாமம் பயிற்றுவோர், தூசி அடங்கிய வேளையில் பயிலுமாறு அறிவுறுத்துவதோடு, ஊரின் காற்றுக்கான இக்கோரிக்கையிலும் பங்கேற்றல் தகும்.