பழம் போட்டா அது ஜூஸ் ஆயிடுமா?

வீக்கெண்ட் வந்தாலே ரீல்ஸ்ல ஒரே சமையல் குறிப்பு. வோட்காவுல ராத்திரி முழுக்க ஊறின தர்பூசணி, ஒயின்ல ஆரஞ்சும் ஆப்பிளும் மிதக்குற சாங்க்ரியா. பிறந்தநாளுக்கு, பிரன்ச்சுக்கு வீட்டிலேயே செய்யலாமாம். கடைசியில தவறாம ஒரு வரி: "கசப்பே தெரியாது, குடிக்காதவங்களும் விரும்பிக் குடிப்பாங்க!"

எனக்குக் கோபம் வர்றதே அந்த வரியிலதான். எவ்வளவு உள்ள போகுதுன்னு நாக்குக்கும் தொண்டைக்கும் தெரியறது அந்தக் கசப்பாலயும் எரிச்சலாலயும்தான். அதை மறைக்கிறதைத் திறமைன்னு சொல்லிக் காட்டுறாங்க.

கணக்குப் பார்ப்போம். 12% ஒயின் 750 மி.லி., கூட 120 மி.லி. பிராந்தி. நம்மூர் பிராந்தி 42.8%. ரெண்டும் சேர்த்து அந்த ஜக்குல சுமார் 110 கிராம் ஆல்கஹால். நாலு பேர் பங்கு போட்டா ஆளுக்கு 27 கிராமுக்கு மேல, அதாவது கிட்டத்தட்ட ஒரு 'லார்ஜ்' அடிச்சு, மேல பாதியும் அடிச்ச மாதிரி. 60 கிலோ எடையுள்ள ஒரு பெண் இதை ஒரு மணி நேரத்துல குடிச்சா, வண்டி ஓட்டறதுக்கான சட்ட வரம்பை (100 மி.லி. ரத்தத்துல 30 மி.கி.) தாண்டிடுவாங்க. குடிச்சது ஜூஸ்னு நினைச்சுக்கிட்டு மதியம் ஸ்கூட்டரை எடுப்பாங்க.

"வைட்டமின் சி இருக்கே டாக்டர்?" இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதுவை முதல் பிரிவுக் காரணியா வகைப்படுத்தினது 1988ல. பழம் சேர்த்தா அந்தப் பட்டியல்ல இருந்து விலக்கு ஒண்ணும் கிடையாது.

சர்க்கரை நோயாளிகள் இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க. பிரன்ச்னா காலை டிபன் கிடையாது. ஆனா இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ பழக்கத்துல போட்டிருப்பீங்க. வெறும் வயித்துல 11 மணிக்கு இந்த கிளாஸ். பழச்சாறால முதல்ல சர்க்கரை ஏறும். கல்லீரல் புதுசா குளுக்கோஸ் தயாரிக்கிறதை ஆல்கஹால் தடுக்கும், அதனால சில மணி நேரம் கழிச்சு சர்க்கரை சடசடன்னு இறங்கலாம். வியர்வை, நடுக்கம், குழறல் பேச்சு. பக்கத்துல இருக்கறவங்க "போதை ஏறிடுச்சு, தூங்கட்டும்"னு போர்வை போத்திட்டுப் போயிடுவாங்க. தயவுசெஞ்சு குளுக்கோமீட்டர்ல ஒரு சொட்டு ரத்தம் வெச்சுப் பாருங்க. நினைவு இல்லைன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108ஐ கூப்பிடுங்க.

அடுத்தது, ஜக்கோட அடியில மிஞ்சுற பழம். ஊறின துண்டுக்குள்ளயும் ஆல்கஹால் இருக்கு. பார்ட்டி முடிஞ்சு பெரியவங்க அரட்டையில இருப்பாங்க, மேஜை மேல கிண்ணம் அப்படியே கிடக்கும். மூணு வயசுக் குழந்தைக்கு அது வெறும் தர்பூசணிதானே? சின்னக் குழந்தைகளுக்கு ஆல்கஹால் சர்க்கரையை இறக்கி வலிப்பு வரைக்கும் கொண்டு போகலாம். சாப்பிட்டதா சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க. "நாங்க குடிக்கிற ஃபேமிலி இல்ல சார்"னு மறைக்காம, என்ன சாப்பிட்டுச்சுன்னு மட்டும் சொல்லுங்க.

டாஸ்மாக் வாசல்ல நிக்கிறவர் 'குடிகாரன்', கண்ணாடி ஜக்கோட நிக்கிறவர் 'ஹோஸ்ட்'. இந்த மரியாதை வித்தியாசத்தாலதான் இவ்வளவையும் யாரும் கேள்வி கேட்கிறதில்ல.

ரீல்ஸ் போடுறவங்களே, லைக் வாங்குங்க, வேண்டாங்கல. ஒரு கிளாஸ்ல எத்தனை மி.லி. சரக்குன்னு திரையில எழுதுங்க. வீட்டுல செய்யறவங்க அளந்து ஊத்துங்க, ஜக்குல 'மது'ன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்க, மிஞ்சின பழத்தை உடனே குப்பையில போடுங்க. குடிக்காத விருந்தாளிக்குச் சொல்லாம கொடுத்துட்டு "பாத்தியா, தெரியவே இல்ல"ன்னு சிரிக்காதீங்க. அவங்க என்ன மாத்திரை சாப்பிடுறாங்கன்னு உங்களுக்குத் தெரியாது.