தொப்பைக்கு எதற்குப் பெருமை?

அமெரிக்க ஹிஸ்பானியர்களிடம் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரிடம்) உடல் பருமன் அதிகம், ஆயுளோ வெள்ளையரைவிட நீளம் (2019-இல் 81.9, வெள்ளையருக்கு 78.8). ஆகவே கொழுப்பு அவர்களை ஒன்றும் செய்யாது. தொப்பையால் கேடில்லை என்பவர்களின் வாதம் இதுதான். முதல் பாதி உண்மை. அந்த ‘ஆகவே’தான் தப்பு.

1. இரண்டு கூட்டங்களை ஒப்பிட்டுவிட்டு, ஒரு கூட்டத்துக்குள் யார் முதலில் சாவார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஹிஸ்பானியர் புகைப்பது குறைவு. புலம்பெயர்ந்து வருபவர்களும் பெரும்பாலும் உடல் வலுவுள்ளவர்கள். இந்தப் புண்ணியத்தை ஏன் தொப்பையின் கணக்கில் எழுதுகிறீர்கள்?

2. உடல் பருமனை அளக்கும் பிஎம்ஐ எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறது, அவ்வளவே. கொழுப்பு தொடையிலா, குடலைச் சுற்றியா? அதற்குத் தெரியாது. நோயில் 90 கிலோவிலிருந்து 65-க்கு இளைத்து இறந்தவர், அட்டவணையில் ‘ஒல்லியானவர்’. உடனே, ஒல்லிக்குத்தான் ஆபத்து என்று கிளம்பிவிடுகிறார்கள்!

3. மெக்சிகோ நகரில் 1998 முதல் 2004 வரை சுமார் 1,50,000 பேரைச் சேர்த்து, பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு இருக்கிறது. ஏற்கெனவே நோயுற்றிருந்தவர்களை விலக்கிப் பார்த்தார்கள். பிஎம்ஐ 25-க்கு மேல் ஒவ்வொரு 5 புள்ளிக்கும் மரண விகிதம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடியது. பிஎம்ஐ ஒன்றாக இருந்தாலும், வயிற்றுப் பக்கம் பெருத்தவர்களுக்கே ஆபத்து அதிகம். இந்த மெக்சிகோ மக்களைவிட உங்கள் வாதத்துக்குப் பொருத்தமான சாட்சி யார்?

போர்ட்டோ ரிக்கோ, கியூபா, மெக்சிகோ வம்சாவளியினரை ஒரே பெட்டியில் போட்டுச் சராசரி எடுப்பது பற்றித் தனியாகவே சண்டை போடலாம். இப்போதைக்கு அந்த 30 சதவீதத்துக்குப் பதில் சொல்லுங்கள்.