உலக இசை விழாவில் நமக்கு இடம் எங்கே?

ஜூன் மாதம் 21ஆம் நாள் வந்துவிட்டால் நம் ஐதராபாத்தில் "உலக இசை நாள்" என்ற பேச்சு எழுகிறது. குளிர்காலம் பிறந்துவிட்டால், ஐரோப்பியக் கலைஞரும் ஆசியக் கலைஞரும் ஒரே மேடையில் சந்திக்கும் இசை விழா என்று வழவழப்பான அழைப்பிதழ்கள் அச்சாகின்றன. கிழக்கும் மேற்கும் கைகோக்கின்றன என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. இது பஞ்சாரா ஹில்ஸ் பக்கத்துச் சமாசாரம், பொலாரத்திலும் திருமலகிரியிலும் வாழும் நமக்கு இதில் என்ன என்று வாசகர்களில் பலர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். புரட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். இந்த விழாவில் நமக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கு நமக்குத் தரப்படவில்லை என்பதுதான் வழக்கு.

முதலில் இந்த நாள் எப்படி வந்தது என்று பார்ப்போம். 1982இல் பிரான்சு நாட்டின் கலாசார அமைச்சராக இருந்தவர் ஜாக் லாங். அவருடைய இசைத்துறை இயக்குநர் மோரிஸ் ஃப்ளூரே. நாட்டில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் ஏதாவது ஒரு வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர்கள் என்று அப்போது ஒரு கணக்கெடுப்பு சொன்னது. இத்தனை பேர் வாசிக்கிறார்கள், ஆனால் கச்சேரி மண்டபங்களில் ஒரு சிலருக்குத்தானே இடம்? மற்றவர்கள் எங்கே போவார்கள்? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் ஜூன் 21. வாத்தியம் வைத்திருப்பவர் எவரும் தெருவுக்கு வரலாம், வாசிக்கலாம். கேட்பவருக்குக் கட்டணம் இல்லை. மண்டபம் இல்லை, நுழைவுச் சீட்டு இல்லை.

நம் நகரத்திலும் அலியான்ஸ் பிரான்சேஸ் நிலையம் இந்த நாளைக் கொண்டாடி வந்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் பாரிஸ் நகரில் தெருவில் பிறந்த விழா கடல் தாண்டி இங்கே வந்ததும், பெரும்பாலும் சுவருக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வழியில் எங்கே தெருவைத் தொலைத்தது என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது.

"உலக இசை" என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. 1987 ஜூன் மாதம் லண்டனில் "எம்ப்ரஸ் ஆஃப் ரஷ்யா" என்ற மதுக்கடையின் மாடியில் சில சிறு இசைத்தட்டு நிறுவனத்தார் கூடினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வரும் இசைத்தட்டுகளைக் கடையில் எந்த அலமாரியில் அடுக்குவது என்பது அவர்களுடைய சிக்கல். அலமாரிக்கு ஒரு பெயர் வேண்டும்! பல பெயர்களைப் பேசி, கடைசியில் "உலக இசை" என்று ஒட்டினார்கள். கல்விக்கூடங்களில் முன்பே புழங்கிய சொல்தான். கடைத்தெருவுக்கு வந்தது அன்றைக்குத்தான். அந்த அலமாரியில் பீத்தோவன் இல்லை, லண்டன் பாடகர்கள் இல்லை. உலகம் என்றால் தங்களைத் தவிர மற்றவர்கள் என்று பொருள் போலும். அமெரிக்காவின் கிராமி விருதுக்காரர்களுக்கே பின்னாளில் இது உறுத்தியது. 2020இல் அந்தப் பிரிவின் பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

இதைச் சொல்வதால் நாம் இந்த விழாக்களுக்கு விரோதிகள் என்று யாரும் எண்ண வேண்டாம். 1966இல் இங்கிலாந்தின் பாத் நகர விழாவில் யெஹூதி மெனுஹினின் வயலினும் ரவிசங்கரின் சிதாரும் சேர்ந்து ஒலித்தது பெரிய நிகழ்ச்சிதான். எழுபதுகளில் ஜான் மெக்லாஃப்லினும் சாகிர் உசேனும் எல். சங்கரும் விக்கு விநாயகராமும் சேர்ந்த "சக்தி" குழு உலகை வலம் வந்தது. அந்தக் குழு மீண்டும் கூடி, விக்குவின் மகன் செல்வகணேஷும் இருக்க, 2024இல் கிராமி விருது பெற்றது. இதில் நமக்குப் பெருமை உண்டு. கடம் என்பது என்ன? மண் பானை. மானாமதுரையில் வேளார் குடும்பங்கள் களிமண்ணைப் பிசைந்து, தட்டித் தட்டிச் சுருதி பார்த்துச் சூளையில் சுடும் பானை. பல்லாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டும்போது அந்தக் கைதட்டலில் சூளைக்காரனுக்கும் ஒரு பங்கு சேர வேண்டும். சேர்கிறதா?

ஐரோப்பாவும் ஆசியாவும் இசையில் சந்தித்தது நேற்று நடந்த காரியம் அல்ல. விழாக் குழுவினர் கூட்டி வைத்துச் சந்தித்ததும் அல்ல. இந்த மண்ணிலேயே, நம் முன்னோர்கள் குடியேறிய தெருக்களிலேயே அது நடந்தது.

1798இல் நிஜாம் ஆங்கிலக் கம்பெனியோடு உடன்படிக்கை செய்தார். உசேன் சாகருக்கு வடக்கே கம்பெனிப் பட்டாளம் கூடாரம் போட்டது. 1806இல் அந்த இடத்துக்குச் சிக்கந்தர் ஜா பெயரால் செகந்திராபாத் என்று பெயர் வந்தது. வந்த பட்டாளத்தில் பெரும்பகுதி மதராஸ் படை. அதோடு சமையல்காரர், குதிரைக்காரர், சலவைக்காரர், செங்கல் அறுப்பவர், துப்புரவு செய்பவர் என்று தமிழ்க் குடும்பங்கள் வந்தன. 1874இல் ரயில் வந்ததும் இன்னும் பலர் வந்தார்கள். நம்மில் பலருடைய பாட்டன், பூட்டன் கதை இதுதான்.

பட்டாளம் என்றால் பேண்டு உண்டு. இந்தியப் படைப்பிரிவுகளின் பேண்டுக் குழுக்களில் இந்தியர்களும் யூரேசியர்களும் ஊதினார்கள், முழக்கினார்கள். கிளாரிநெட்டும் டிரம்பெட்டும் நம்மவர் உதட்டுக்கு அப்படித்தான் பழகின. பட்டாளத்திலிருந்து அது கல்யாண ஊர்வலத்துக்கு இறங்கியது. சிவப்புச் சட்டையும் பொத்தானும் பித்தளையுமாக மாப்பிள்ளைக் குதிரைக்கு முன்னே நடக்கும் பேண்டு வாத்தியக்காரரை நினைத்துப் பாருங்கள். வாத்தியம் ஐரோப்பா, பாட்டு சினிமாப் பாட்டு, தாளம் நம் தாளம். மேற்கும் கிழக்கும் இணைவது என்றால் இதைவிட என்ன வேண்டும்? ஆனால் எந்த விழா மேடையிலும் அவரைப் பார்த்த நினைவு நமக்கு இல்லை.

தமிழ்நாட்டிலும் அப்படியே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, நட்டுவனார் குலத்தில் பிறந்தவர், அந்த வாத்தியத்தை நம் பாட்டுக்கு வளைத்தார். 1834இல் சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி உண்டா? அது அந்நிய வாத்தியம் என்று எவராவது சொல்கிறார்களா?

ஆர்மோனியத்தின் கதையோ வேறு. அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். ஆனால் அது சபாவுக்குப் போகாமல் நாடகக் கொட்டகைக்கும் பஜனை மடத்துக்கும் கட்சி மேடைக்கும் போயிற்று, ஏழைகளோடு சேர்ந்துகொண்டது. அதன் கட்டைகளில் சுரங்கள் அசையாமல் நிற்கும், கமகம் பேசாது, ஆகவே நம் சங்கீதத்துக்கு ஆகாது என்றார்கள். அந்தக் குற்றச்சாட்டில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதை உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர். டெல்லி வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவின் தலைவராக இருந்த அவர், இந்திய வாத்தியக்காரர்களைச் சேர்த்துக் குழு அமைத்து, கிழக்கையும் மேற்கையும் இணைக்கப் பாடுபட்ட நல்ல மனிதர். 1939இல் கல்கத்தாவில் காலமானார். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த விலக்கு நீடித்து, 1971இல்தான் தளர்ந்தது.

அந்த முப்பதாண்டுக் காலத்தில்தான் பண்ணைப்புரத்து இளைஞர் ஒருவர், அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராக ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். 2025 மார்ச் 8ஆம் நாள் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய சிம்பொனியை வாசித்தது. இளையராஜாவைத்தான் சொல்கிறோம் என்று வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஐதராபாத்துக்கே திரும்புவோம். இங்கே மர்ஃபா கேட்காதவர் யார்? ஏமன் நாட்டு ஹத்ரமௌத்திலிருந்து நிஜாமின் படைக்கு வந்த அரபிகளும், ஆப்பிரிக்க வழி வந்த சித்திகளும் கொண்டுவந்த தாள வாத்தியம் அது. பர்காஸ் என்ற பேட்டையின் பெயரே பட்டாளக் குடியிருப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபுதான். ஏ.சி. கார்ட்ஸ் என்பது நிஜாமின் ஆப்பிரிக்கக் குதிரைப்படைக் காவலர் குடியிருந்த இடம். அவர்களும் நம்மைப்போல் பிழைப்புக்காக வந்தவர்களே. இன்று பழைய நகரத்தில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்துக்கும் மர்ஃபா, இந்து வீட்டு ஊர்வலத்துக்கும் மர்ஃபா. அடி விழுந்தால் கால் தானாக ஆடுகிறது. தெலங்கானாவின் டப்பு வேறு இருக்கிறது. கத்தர் தம் காலமெல்லாம் அந்த ஒலியோடு ஏழைகளின் பாட்டைப் பாடி, 2023இல் மறைந்தார். டப்புக்கும் நம் பறைக்கும் உறவு என்ன என்று பண்டிதரைக் கேட்க வேண்டாம். இரண்டையும் அடுத்தடுத்து அடித்துப் பார்த்தால் தெரியும்.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் இந்நகரில் நடந்த ஒரு விழாவுக்கு நம் பகுதிப் பறைக் குழு ஒன்றை அழைத்திருந்தார்கள். விழாவின் பெயரை எழுதப் போவதில்லை. எட்டுப் பேர், நகர பஸ்ஸில் பறையை மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். போன பிறகுதான் தெரிந்தது, அவர்களுக்கு மேடை இல்லை. வாசலில் நின்று, காரில் வருகிறவர்களை முழக்கத்தோடு வரவேற்க வேண்டும். தோலைக் காய்ச்ச நெருப்பு மூட்டப் போனால் காவலாளி விடவில்லை. காய்ச்சாத பறை எப்படிப் பேசும்? பனியில் தோல் தளர்ந்துவிட்டது. கார் நிறுத்துமிடத்தின் பின்புறம் போய்ப் பழைய செய்தித்தாளைக் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டு வந்தார்கள். உள்ளே மேடையில் வெளிநாட்டுக் கலைஞர் ஒருவர் தோல் முழவு வாசிக்க, சபை மெய்ம்மறந்து கேட்டது. நம்மவர் வெளியே நின்று கேட்டார்கள். அருமையான கை என்று திரும்பி வந்து சொன்னார்கள், பொறாமை இல்லை. பேசிய கூலி மட்டும் இரண்டு மாதம் கழித்துப் பாதியாக வந்தது.

விழாக்காரரை மட்டும் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டோம். நம் வீட்டுக் கல்யாணங்களில் பறைக்காரரை எங்கே நிறுத்துகிறோம்? எங்கே சாப்பாடு போடுகிறோம்? நம் பிள்ளைகள் பலர் பறையைத் தொட மறுக்கிறார்கள். அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமை இல்லை. ஊரில் சாவுக்குப் பறையடிப்பது சாதிக் கடமையாகத் தலையில் கட்டப்பட்டது. அதை உதறுவதற்காக அடி வாங்கியவர்கள், ஊரை விட்டு வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். "இந்தக் கர்மத்தை விட்டுத் தொலைக்கத்தானே ரயில் ஏறினேன்" என்று ஒரு பெரியவர் நம் கூட்டத்தில் கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லக் கூடியது ஒன்றுதான்: கட்டளைக்கு அடிப்பது வேறு, கலைஞனாக, பேசிய ஊதியத்துக்கு, பெயரோடு மேடையில் அடிப்பது வேறு. 2025இல் பறை ஆசான் வேலு அவர்களுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்திருக்கிறது. விருதால் இழிவு போய்விடாது என்பது உண்மை. ஆனாலும் அந்தச் செய்தி வந்த அன்று நம் பகுதியில் பரணில் கிடந்த ஒரு பறை கீழே இறங்கியது என்பதும் உண்மை.

வேறு விதமாகவும் விழா நடத்த முடியும். 2015இல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் வீடுகளுக்கு நடுவே, கடற்கரையில் மேடை போட்டார்கள். டி.எம். கிருஷ்ணா போன்ற சபாக் கலைஞர்கள் அங்கே போனார்கள். நுழைவுச் சீட்டு இல்லை. மேல்தட்டுக் கலை ஏழைகளைத் தேடிவந்து உபகாரம் செய்வதா என்று அப்போது சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கேள்வி கேட்கவாவது இரு தரப்பும் ஓரிடத்தில் கூடினவே.

இங்கே விழா நடத்துவோரிடம் நாம் கேட்பது அதிகமில்லை. நான்கு நாள் விழாவில் ஒரு மாலை பொலாரத்திலோ பர்காஸிலோ திறந்த வெளியில் நடக்கட்டும். பேண்டு, மர்ஃபா, டப்பு, பறை வாசிப்போர் வாசலில் அல்ல, மேடையில் நிற்கட்டும். வெளிநாட்டார்க்கு முன்பணம் தருவதுபோல் இவர்களுக்கும் தரப்படட்டும். இன்னொன்று: கடைசி ஐந்து நிமிடம் எல்லோரையும் மேடையேற்றி ஆளுக்கொரு பக்கம் தட்டச் செய்து "சங்கமம்" என்று படம் எடுப்பதை விட்டுவிட்டு, நாலு நாள் முன்னதாகவே சேர்ந்து உட்கார விடுங்கள். ஐரோப்பியர் தாளைப் பார்த்து வாசிப்பார், நம்மவர் காதால் பிடிப்பார். ஒருவர் பழக்கம் மற்றவருக்குப் புரிய நாள் ஆகும். பட்டாளத்துப் பேண்டில் அது ஒரு தலைமுறை எடுத்தது. நெருப்பு மூட்ட ஓர் இடமும் ஒதுக்க வேண்டும், மறந்துவிடக் கூடாது.

இந்தக் கோரிக்கைகளை எழுதி, வரும் ஜூன் 21க்கு முன்னதாகச் சங்கத்தின் சார்பில் விழா நடத்துவோரிடம் நேரில் கொடுக்க இருக்கிறோம். உடன் வர விரும்புவோர், வாத்தியம் வாசிக்கத் தெரிந்தோர், வீட்டில் பழைய கிளாரிநெட்டோ பறையோ ஆர்மோனியமோ வைத்திருப்போர் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். பெண்களும் பெயர் கொடுக்க வேண்டும்; பறை ஆண்களுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து அல்ல. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது வாத்தியத்தையும் கையோடு எடுத்து வாருங்கள். அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். இரவு ஒன்பது மணி வரை வாசிக்கலாம். காய்ச்சுவதற்கு வைக்கோல் சங்கமே வாங்கி வைக்கும்.